காணாமல் போன 17 வரிகள்

உதவிப் பிரிவில் வேலை பார்க்கும் தோழி ஒருவர் ஒரு நாள் மாலை கூப்பிட்டார். “ஒருத்தர் மூணு வாரமா காத்துக்கிட்டு இருக்காராம். நம்ம லிஸ்ட்ல அவரோட கோரிக்கையே வரலையே, கொஞ்சம் பாக்கறீங்களா?” என்றார். கோரிக்கைகளைப் பதிந்து, எது யார் கையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு மென்பொருளை அப்போது நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். அதன் முதன்மைத் திரையே ஒரு பெரிய அட்டவணைதான். அவர் சொன்ன எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டதும் கோரிக்கை வந்து நின்றது. அழியவில்லை, பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஊழியர்கள் தினமும் காலையில் திறந்து வேலையைத் தொடங்கும் பட்டியலில், அதாவது ‘நிலை: முடிந்தது அல்லாதவை’ என்று ஃபில்டர் போட்ட பட்டியலில், அது இல்லை.

ஒரு காகிதத்தில் மூன்று எண்களை எழுதினேன். ஃபில்டர் எதுவும் இல்லாமல் மொத்தம் 412 வரிகள். ‘முடிந்தது’ என்று வடிகட்டினால் 371. ‘முடிந்தது அல்லாதவை’ என்று வடிகட்டினால் 24. முடிந்ததையும் முடியாததையும் சேர்த்தால் எல்லாமே வந்துவிட வேண்டும். 371-ஐயும் 24-ஐயும் கூட்டினால் 395-தான் வருகிறது. மீதி 17 வரிகள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. 17 வரிகள் என்றால் 17 பேர்.

காரணம் பிறகு விளங்கியது. அந்த 17 கோரிக்கைகளும் ஒரு பழைய கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டவை. அந்தக் கோப்பில் நிலை என்ற நெடுவரிசையே நிரப்பப்படவில்லை. தரவுத்தளம் அந்த இடத்தில் ‘நல்’ என்று வைத்துக்கொண்டது. நல் என்பது வெற்றுச் சொல்லும் இல்லை, பூஜ்யமும் இல்லை. ‘தெரியாது’ என்பதே அதன் பொருள். தெரியாத ஒன்று ‘முடிந்தது’ என்பதற்குச் சமமா என்று, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் கேட்டால் ‘தெரியாது’ என்று பதில் வரும். சமமில்லையா என்று கேட்டாலும் அதே ‘தெரியாது’தான். நிபந்தனை உண்மை என்று உறுதியாகத் தெரிந்த வரிகளை மட்டுமே அது திருப்பித் தரும். ஆக, ‘சமம்’ என்று கேட்டாலும் ‘சமமில்லை’ என்று கேட்டாலும் நல் வரிகள் வெளியே நின்றுவிடும். இதே ஒப்பீட்டை உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதியிருந்தால் அந்த 17 வரிகளும் வந்திருக்கும், ஏனென்றால் அங்கே நல் என்பது ‘முடிந்தது’ என்ற சொல்லுக்குச் சமமில்லை என்பது நேரடியாக உண்மை. சர்வரில் வடிகட்டும்போது மறைகிற வரி உலாவியில் வடிகட்டும்போது தெரிகிறது. ஒரே பொத்தான்தான், பின்னால் வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அன்றிலிருந்து அட்டவணைக் கோளாறுகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. வரிசை தவறினால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். 9-க்கு முன்னால் 10 நிற்பதைப் பார்த்ததும் முகம் சுளித்து, நமக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்கள். ஃபில்டர் தவறினால் அந்த வாய்ப்பு இல்லை. இல்லாத வரியை யார் பார்ப்பது? அதனால் என் மனத்தில் ஃபில்டர் கோளாறுக்குத்தான் எப்போதும் முதலிடம். ‘சார்ட் சரியில்லை’, அதாவது வரிசைப்படுத்தல் சரியில்லை, என்று வரும் புகாரை நாளைக்குத் தள்ளலாம். ‘ஒரு வரியைக் காணோம்’ என்று வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு அதைப் பார்ப்பேன்.

முதலில் பார்ப்பது, ஏற்கெனவே ஏதாவது ஃபில்டர் இருக்கிறதா என்பதை. எளிமையாகத் தோன்றும், ஆனால் ‘தரவு காணாமல் போய்விட்டது’ என்று என்னிடம் வந்தவற்றில் நிறைய இங்கேயே முடிந்திருக்கின்றன. பல அட்டவணைகள் போன முறை போட்ட ஃபில்டரை நினைவில் வைத்துக்கொள்கின்றன. வலது ஓரத்தில், திரைக்கு வெளியே தள்ளிப்போன ஒரு நெடுவரிசையில், ஃபில்டர் இருப்பதைக் காட்டும் புனல் குறி நின்றுகொண்டிருக்கும். பயனர் அதைப் பார்க்கவே முடியாது. தேடல் பெட்டியில் ஒரே ஒரு இடைவெளி மட்டும் மிஞ்சி இருந்ததும் உண்டு. இதற்குப் பயனரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு ஃபில்டர் இயங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அட்டவணை அதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும், எத்தனை வரி மறைந்திருக்கிறது என்பதோடு.

எக்செலில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். தரவுக்கு நடுவே முழுதும் காலியான ஒரு வரி இருந்தால், எல்லையைத் தானாகக் கண்டுபிடிக்கும்போது எக்செல் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பவை ஃபில்டருக்குள் வராது. இன்னொன்று, ஃபில்டரின் கீழ்விரி பட்டியல் முதல் 10,000 தனித்த மதிப்புகளை மட்டுமே காட்டும். நீங்கள் தேடும் பெயர் பட்டியலில் இல்லை என்பதாலேயே தரவில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சரி, வரிசைக்கு வருவோம். எண்கள் 1, 10, 100, 2, 20 என்று நின்றால் அவை எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். எழுத்தாகப் பார்த்தால் அந்த வரிசை முழுக்கச் சரி: முதல் குறியை முதல் குறியோடு ஒப்பிடுகிறது, அது சமமானால் அடுத்ததற்குப் போகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பீட்டு விதி எதுவும் கொடுக்காமல் சார்ட் செய்தால், உள்ளே இருப்பவை எண்களாகவே இருந்தாலும் எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். இது தெரியாமல் எழுதிய நிரல் (கோடு) ஒன்று என் கைக்கு வந்தபோது, ஒன்பதுக்குள் இருந்த எண்களை வைத்து அதைச் சோதித்திருந்தார்கள். ஒற்றை இலக்கங்களில் எண் வரிசையும் எழுத்து வரிசையும் ஒன்றாகவே இருக்கும்.

பாதி எண், பாதி எழுத்து என்று கலந்திருக்கும் நெடுவரிசைதான் ஆட்களை அதிகம் குழப்புவது. எக்செல் ஏறுவரிசையில் எண்களை முதலில் வைத்து, எழுத்துகளை அதற்குப் பின்னால் வைக்கும். அதனால் பட்டியல் 3, 47, 980 என்று ஏறிப் போய், திடீரென்று 101, 12, 5 என்று மறுபடியும் தொடங்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டு பட்டியல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதுபோல் தெரிந்தால், இரண்டாவது பட்டியல் எழுத்து. யாரும் சீரமைப்பை மாற்றாதிருந்தால் உண்மையான எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தான எண்கள் இடப்பக்கம் நிற்கும். பிழை தேடும்போது நடுவில் சீரமைத்த நெடுவரிசையைக் கண்டால் முதலில் அந்தச் சீரமைப்பை நீக்கிவிடுவேன். அழகுக்காகச் செய்தது, நமக்கு வேண்டிய தடயத்தை மறைத்துவிடுகிறது.

திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும் வேறு வேறு என்பதுதான் இதில் எல்லாவற்றுக்கும் அடி. ‘1,200’ என்று காற்புள்ளியோடு காட்டுவதற்காக எண்ணை எழுத்தாக மாற்றிவிட்டு, அந்த எழுத்தை வைத்தே சார்ட் செய்த அட்டவணைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். காட்டுவதற்கு ஒரு மதிப்பு, ஒப்பிடுவதற்கு ஒரு மதிப்பு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். வலைப்பக்கங்களில் பலர் பயன்படுத்தும் டேட்டாடேபிள்ஸ் நிரல் நூலகத்தில் இதற்கென்றே ஒவ்வொரு கட்டத்திலும் வரிசைக்கான மதிப்பைத் தனியே எழுதிவைக்க வழி இருக்கிறது.

தேதிகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்று 03/04/2023 போல எழுதிய தேதிகளை எழுத்தாக வரிசைப்படுத்தினால் எல்லா மாதங்களின் 1-ஆம் தேதிகளும் சேர்ந்து நிற்கும், பிறகு எல்லா 2-ஆம் தேதிகளும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கடினமானது பாதி மாறிய நெடுவரிசை. மாதத்தை முதலில் எழுதும் அமைப்புள்ள கணினியில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். 03/04/2023 என்பது ஏப்ரல் 3. கணினி அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்கிறது. 25/04/2023 என்பதில் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. இப்போது ஒரே நெடுவரிசையில் தவறான தேதிகளும், தேதியாகவே ஆகாத எழுத்துகளும் கலந்திருக்கின்றன. 13 முதல் 31 வரையிலான நாட்கள் மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. எழுத்தாக நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். தேதிபோல் ஒழுங்காக நிற்கும் மற்றவைதான் பொய் சொல்கின்றன. அந்தக் கோப்பை விட்டுவிட்டு, மூலத்திலிருந்து மறுபடியும் ஏற்றுவதே வழி.

ஆண்டு, மாதம், நாள் என்று நான்கு, இரண்டு, இரண்டு இலக்கங்களில் எழுதும் முறையை ஐ.எஸ்.ஓ. 8601 என்று 1988-இல் தரப்படுத்தினார்கள். 2023-04-03 என்று எழுதினால் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் சரியான கால வரிசைதான் வரும். எந்த ஊர்க் கணினியில் திறந்தாலும் மாதமும் நாளும் இடம் மாறாது. கோப்பாக வெளியே போகும் எந்தத் தேதியையும் நான் வேறு விதமாக எழுதுவதில்லை.

தேதியே இல்லாததைத் தேதியாக்கிவிடும் கதையும் உண்டு. மரபணு ஆய்வாளர்கள் பயன்படுத்திய செப்ட்1, மார்ச்1 போன்ற குறியீடுகளை எக்செல் செப்டம்பர் 1, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. அறிவியலே விட்டுக்கொடுத்து நகர வேண்டியிருந்தது என்பது இன்னும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தேதி ஃபில்டரில் கடைசி நாள் விடுபடுவதும் அடிக்கடி நடக்கிறது. ‘1 முதல் 31 வரை’ என்று பயனர் கேட்கிறார். மென்பொருள் ‘31 வரை’ என்பதை 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. அந்த நாள் முழுக்க நடந்தவை வெளியே போய்விடும். 31-ஆம் தேதி இரவு 11:59 என்று எழுதித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதில் கடைசி நிமிடம் விடுபடும். ‘அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன்’ என்று எழுதினால் எதுவும் விடுபடாது. சர்வர் உலகப் பொது நேரத்தில் இயங்கினால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும்: உங்கள் நேரம் அதற்கு முன்னே ஓடுகிறது என்றால், விடிகாலையில் பதிந்தது முந்தைய நாளின் கணக்கில் விழும்.

இனி கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். ஃபில்டரின் கீழ்விரி பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி வரும், ஏனென்றால் பிழை தானாகவே வந்து கையைத் தூக்கிவிட்டது. இரண்டில் ஒன்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஓர் இடைவெளி. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் சாதாரண இடைவெளிக்குப் பதில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் தரத்தில் 160 என்ற எண்ணுள்ள, வரி உடைக்காத இடைவெளி வந்துவிடும். ஓரத்து இடைவெளிகளை வெட்டும் எக்செலின் ட்ரிம் அதை நீக்காது. ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் 160-ஐ நீக்கும். ஆனால் 8203 என்ற அகலமே இல்லாத இடைவெளியை அதுவும் விட்டுவிடும். சந்தேகம் வந்தால் இரண்டு மதிப்புகளின் நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். நீளம் வேறாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் வரிசையாக அச்சிட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் கோடில் மணிக்கணக்காகத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் இன்னும் ஆழமானது. கெள என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார், கௌ என்று இன்னொருவர். பல எழுத்துருக்களில் இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. முதலாவதில் கெ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ளகரம் இருக்கிறது. இரண்டாவதில் ஔகாரக் குறி ஒரே குறியாக இருக்கிறது. ‘கௌரி’ என்று ஒழுங்காகத் தேடுகிறவருக்கு ‘கெளரி’ என்று பதிந்தவர் கிடைக்கமாட்டார். யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். அது வேறொன்றைத்தான் தீர்க்கிறது: கொ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இவ்விரண்டும் சமம் என்று யூனிகோட் விதித்திருக்கிறது, இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் கெள என்பதில் இருப்பது உண்மையான ளகரம். யூனிகோடின் பார்வையில் கெள, கௌ இரண்டுக்கும் உறவே இல்லை.

தரவில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமா என்றால், கூடவே கூடாது. வெளி, தெளிவு, வெள்ளி எல்லாம் சிதைந்துபோகும். நான் செய்தது எதிர்த்திசையில். தேடலுக்கென்று மறைவாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் மட்டும் ஔகாரக் குறியை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகப் பிரித்தேன். பயனர் தட்டச்சு செய்யும் சொல்லையும் அதே விதத்தில் பிரித்து ஒப்பிட்டேன். மூலத் தரவில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஒருவருடைய பெயரை அவர் எழுதியபடியே வைத்திருப்பது நம் கடமை என்று நினைக்கிறேன். ஸ்ரீ என்ற எழுத்திலும் இதே கதை உண்டு. அதை இரண்டு வேறு தொடர்களாகச் சேமிக்க முடியும், ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, மற்றொன்று 2005-இல் யூனிகோடில் சேர்த்த ஶகரத்தில் தொடங்குவது. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். தேடல் நெடுவரிசையில் இதையும் ஒன்றாக்க வேண்டியிருந்தது.

தமிழ் வரிசையும் அப்படித்தான், சொல்லாமல் விட்டால் தவறாகவே வரும். நமக்கு க, ங, ச என்று தொடங்கி ழ, ள, ற, ன என்று முடியும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 2944 முதல் 3071 வரையிலான இடத்தில் எழுத்துகள் இந்திய மொழிகளுக்குப் பொதுவான அடுக்குமுறையில் உட்கார்ந்திருக்கின்றன. அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து, 2985-இல் இருக்கிறது, ப 2986. அதனால் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் ‘அப்பா’வுக்கு முன்னால் ‘அனுபவம்’ வந்துவிடும். புள்ளி என்ற குறி 3021-இல், எல்லா மெய்களுக்கும் பின்னால் இருக்கிறது. அகராதியில் ‘அக்கா’வுக்குப் பிறகுதான் ‘அகம்’. எண் வரிசையில் இது தலைகீழாகிறது.

இதற்கு நாமே விதி எழுத வேண்டியதில்லை. யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். என்ற களஞ்சியத்தில் தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் சொற்களை மொழி விதிப்படி ஒப்பிடும் லோக்கேல் கம்பேருக்குத் தமிழ் என்று மொழிக்குறி கொடுத்தால் போதும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இந்த விதிகளைப் பயன்படுத்தலாம். ஸ்வீடிஷ், துருக்கியம் என்று ஒவ்வொரு மொழிக்கும் இப்படித் தனி வழக்கு உண்டு. ஸ்வீடிஷ் அகரவரிசையில் இசட்டுக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. மொழியைச் சொல்லாமல் ‘அகர வரிசை’ என்று எழுதிய கோடு, யாரோ ஒருவருக்குத் தவறான வரிசையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கம் பக்கமாகப் பிரித்த அட்டவணைகளில் வேறு வகைப் பிழைகள். 50 வரிகள் கொண்ட முதல் பக்கம் மட்டும் உலாவியில் இருக்கிறது, சார்ட் அந்த 50-ஐ மட்டும் அடுக்குகிறது. பயனர் மொத்தமும் அடுக்கப்பட்டதாக நம்புகிறார். சோதிப்பது எளிது: இறங்குவரிசையில் போட்டு, முதல் பக்கத்தில் வரும் மிகப் பெரிய மதிப்பைவிடப் பெரியது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இன்னொன்று, பக்கம் மாறும்போது ஒரு வரி இரண்டு முறை வருவதும் இன்னொரு வரி வராமலே போவதும். ஒரே தேதி உள்ள 80 வரிகளைத் தேதிப்படி மட்டும் அடுக்கச் சொன்னால், அந்த 80-க்குள் எது முன்னால் என்பதற்குத் தரவுத்தளம் எந்த உறுதியும் தராது. ஒவ்வொரு பக்கத்தையும் கேட்கும்போது வேறு வேறாக அடுக்கலாம். வரிசை விதியின் கடைசியில் தனித்த எண் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. தட்டச்சு செய்யச் செய்யத் தேடும் பெட்டிகளில், முதல் எழுத்துக்கு அனுப்பிய கேள்வியின் பதில் தாமதமாக வந்து, முழுச் சொல்லுக்கு வந்த பதிலின்மேல் எழுதிவிடுவதும் உண்டு. பழைய கேள்வியின் பதிலைத் தூக்கி எறிய வேண்டும்.

சமமான மதிப்புகளின் பழைய வரிசையைக் கலைக்காமல் அடுக்குவதை நிலையான சார்ட் என்கிறோம். முதலில் பெயர்படி, அப்புறம் துறைப்படி என்று இரண்டு முறை அடுக்குகிறவர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். குரோம் உலாவியில் 2018 வரை 10-க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தால் இந்த உறுதி கிடையாது. 8 வரி வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், 500 வரி வந்ததும் கலையும். 2019-இல் ஜாவாஸ்கிரிப்டின் தரமே நிலையான சார்ட்டைக் கட்டாயமாக்கியது. பழைய கோடுகளில் இதற்காகச் செய்த விசித்திரமான ஒட்டுவேலைகளை இன்றும் பார்க்கலாம்.

ஃபில்டருக்கு அடுத்தபடியாக என்னைப் பயமுறுத்துவது தேர்வுப் பெட்டி. பயனர் மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு பெயர் நெடுவரிசையில் க்ளிக் செய்கிறார், வரிகள் இடம் மாறுகின்றன. மென்பொருள் ‘மூன்றாவது வரி’ என்று இடத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால், இப்போது அங்கே வேறு ஒருவர் இருக்கிறார். ‘நீக்கு’ என்று அழுத்தினால் போவது அவருடைய வரி. ஒருமுறை சோதனைத் தரவில் இதைப் பார்த்துவிட்டு, அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. தேர்வை எப்போதும் வரியின் அடையாள எண்ணோடு கட்டிவைக்க வேண்டும். ஃபில்டர் போட்டதால் மறைந்துபோன, ஆனால் முன்பே தேர்ந்தெடுத்த வரிகளை என்ன செய்வது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். ‘தேர்ந்தெடுத்த 5-இல் 2 இப்போது திரையில் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்வது எனக்குப் பிடித்த வழி. எக்செலில் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்குவதும் இதே அளவுக்கு ஆபத்து: பெயர்கள் நகரும், பக்கத்தில் இருக்கும் விவரங்கள் நகராது. எக்செல் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை காட்டும். அதை அவசரத்தில் கடந்து, கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் மீட்பது கடினம்.

புகார் வரும்போது நான் கேட்பது இப்போதெல்லாம் இரண்டே கேள்விகள். இருக்க வேண்டிய, ஆனால் வராத ஒரு வரியின் எண்ணைச் சொல்ல முடியுமா? தவறாக நிற்கும் இரண்டு வரிகளைக் காட்ட முடியுமா? ‘சார்ட் வேலை செய்யவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. இரண்டு வரிகள் கையில் கிடைத்தால், அவற்றை மட்டும் எடுத்து, உள்ளே சேமித்த மதிப்புகளைத் திரை அலங்காரம் இல்லாமல் பார்த்து, எதை எதோடு எந்த விதியில் ஒப்பிடுகிறது என்று கேட்கலாம். மேலே சொன்ன எல்லாமே அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான்.

அந்த 17 வரிகளுக்கு வருகிறேன். ‘முடிந்தது அல்லாதவை, அல்லது நிலை காலியாக உள்ளவை’ என்று அன்று மாலையே நிபந்தனையை மாற்றினேன். பட்டியல் 24-இலிருந்து 41 ஆனது. அட்டவணையின் அடியில் ‘412-இல் 41 காட்டப்படுகின்றன, 371 மறைந்துள்ளன’ என்று ஒரு குறிப்பு வைத்தேன். நிலைகளின் பட்டியலில் ‘குறிப்பிடாதவை’ என்று ஒன்றைச் சேர்த்து, பக்கத்திலேயே எண்ணிக்கையும் தெரியும்படி செய்தேன். தோழி 17 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாமதத்துக்கு வருத்தம் சொல்லி, நிலையை நிரப்பினார். ஒன்றரை நாள் ஆனது. மூன்று வாரம் காத்திருந்தவரை முதலில் கூப்பிட்டார்.

‘குறிப்பிடாதவை’ பக்கத்தில் 0 என்று வந்தது. அடுத்த வாரம் யாரோ இன்னொரு பழைய கோப்பை ஏற்றியிருக்கிறார்கள், 0 என்பது 2 ஆனது. அன்று மதியம் நான் திறந்து பார்ப்பதற்குள் தோழி அந்த இரண்டையும் எடுத்து, ஒன்றுக்குப் பதிலும் அனுப்பியிருந்தார்.